கதிரையைக் கமெராவுக்குள் இழுத்தவள்

போன கிழமை உங்கள் பயிற்சி நாளுக்கு என்னை அழைத்திருந்தீர்கள். பாதிப் பேர் மண்டபத்தில் கதிரைகளில் இருந்தீர்கள். மற்றப் பாதிப் பேர் சுவரில் விழுந்த வெளிச்சத்துக்குள் சின்னச் சின்னப் பெட்டிகளில் இருந்தீர்கள். நான் பேசி முடித்ததும் ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்:

"சேர், நேரிலயும் ஒன்லைனிலயும் சேத்து வேலை பழக்கிறது இப்ப வந்த விசயம்தானே? உங்கட காலத்தில எல்லாம் நேரிலதானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. தேநீர் வந்த பிறகு கிழவன் பேச்சை யார் கேட்பார்கள்? அதனால் பதிலை எழுதித் தருகிறேன். செயற்கைக் கால் செய்யும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பிளாஸ்டர் கலப்பதையும் அளவெடுப்பதையும் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது வேறு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

சண்டை நின்று, மூடிக்கிடந்த ஏ-ஒன்பது பாதை திறந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. கிளிநொச்சியில் எங்கே பார்த்தாலும் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. காலையில் வேலைக்குப் போகும்போது வெறும் வளவாகக் கிடந்த இடத்தில், திரும்பி வரும்போது ஒரு கடை நின்று தேநீர் விற்கும். சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காணி துப்புரவாக்கப் போன சிலர் மிதிவெடியில் கால் இழந்து எங்களிடம் வந்தார்கள். ஏ-ஒன்பது வீதியோரம் தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட மண்டபம்தான் எங்கள் பட்டறை. கால் வேண்டி வருகிற ஆட்கள் வாசல் வேம்பின் கீழே நிறைந்திருப்பார்கள். கால் செய்யத் தெரிந்தவர்கள்தான் போதாது.

அதனால் ஐந்து இளம் ஆட்களை எடுத்துப் பழக்குவதென்று முடிவாயிற்று. பழக்குவதற்கு ஒருவர் கிடைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே குளிர்நாடு ஒன்றுக்குப் போய், அங்கே இந்தத் தொழிலில் பெரிய கெட்டிக்காரியானவர். நாங்கள் எல்லோரும் அவரை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டோம். முதலில் அவர் நேரில் வந்து சில கிழமைகள் நின்றார். பிள்ளைகளின் கைகளைப் பிடித்து, வெட்டுப்பட்ட காலின் மேல் வைத்து, எலும்பு எங்கே, நரம்பு எங்கே, எங்கே அழுத்தலாம், எங்கே தொடவே கூடாது என்று பழக்கினார். பிறகு அந்தக் குளிர்நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு வகுப்பு திரையில்.

இணைப்புக்காகக் கூரையில் ஒரு பெரிய வட்டத் தட்டு. பின்னால் ஜெனரேற்றர். மேசையில் ஒரு கணினி, அதன் தலையில் விரல் நீளத்தில் ஒரு கமெரா. கிழமைக்கு ஒருநாள் அவர் அதில் வருவார். படம் விட்டு விட்டுத்தான் வரும், குரல் மட்டும் நன்றாக வரும். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு நான். அவர் சொன்னதைச் செய்ய வைப்பது, செய்ததை அவருக்குச் சொல்வது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது என் வேலை. முதல் முறை அந்தத் திரையில் அவர் முகம் வந்து, "என்ன பிள்ளையள், சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டபோது நாங்கள் கைதட்டினோம். வீதியில் போன ஆட்கள் ஓடிவந்து யன்னலில் தொங்கினார்கள். அப்படி ஒரு காலம்.

இரண்டாவது வகுப்போ மூன்றாவது வகுப்போ, முழங்காலுக்குக் கீழே கால் போனவரின் உடல் பாரம் எந்த இடத்தில் தாங்கப்பட வேண்டும் என்று மிஸ் விளக்கினார். வெட்டிய கால் போய் உட்காரும் கூட்டை நாங்கள் கிண்ணம் என்போம். கிண்ணத்துக்குள் எந்த இடம் தாங்க வேண்டும், எந்த இடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று படம் கீறிக் காட்டினார். கடைசியில் கேட்டார்:

"எல்லாருக்கும் விளங்கிச்சுதோ?"

"ஓம், மிஸ்!"

ஐந்து பேரும் ஒரே குரலில். அவர் சந்தோசமாகப் போய்விட்டார். திரை இருண்டதும் நான் சொன்னேன், "இப்ப உங்கட முழங்காலில கையை வைச்சு, பாரம் தாங்கிற இடத்தைக் காட்டுங்கோ." ஐந்து கையும் ஐந்து இடத்துக்குப் போயின. ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவர்களில் பிழையில்லை. நம்முடைய ஓம் ஒன்றல்ல. விளங்கிய ஓம் இருக்கிறது. பெரியவர் கேட்கிறாரே என்று சொல்கிற ஓம் இருக்கிறது. கெதியாக விட்டால் போதும் என்கிற ஓமும் இருக்கிறது. பக்கத்தில் நின்றால் முகத்தில் பிரித்தறியலாம். திரைக்கு அப்பால் போனதும் மூன்றும் ஒரே ஓம்தான்.

அடுத்த வகுப்பில் மிஸ்ஸிடம் சொன்னேன், "மிஸ், எங்கட ஆக்களின்ர ஓமை நம்பாதேங்கோ."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பலமாகச் சிரித்தார். "என்ர அம்மாவும் அப்பிடித்தான் சேர். டொக்டர் என்ன கேட்டாலும் ஓம். வீட்டை வந்துதான் வலிக்குது எண்டுவா."

அதோடு அவர் முறையை மாற்றினார். "விளங்கிச்சுதோ" என்று கேட்பதை விட்டுவிட்டு, "காட்டுங்கோ" என்றார். அவருக்குத் தெரியாததை என்னிடம் கேட்டார்: "சேர், நீங்கள் கையை வைச்சுச் சொல்லுங்கோ, அந்த இடம் சூடா இருக்கோ? தோல் இழுபடுதோ?" நான் அவருடைய கையானேன். வகுப்பு அன்றைக்குத்தான் உண்மையில் தொடங்கியது.

இனித் தர்சினியின் கதை. ஐந்து பேரில் அவள் ஒருத்தி. முல்லைத்தீவுக்காரி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் செய்கிற வேலையில் ஒரு பிடிவாதம் இருக்கும். முல்லைத்தீவில் எங்களுடைய புதிய பட்டறை ஒன்று திறக்க இருந்தது. கட்டடம் தயார். அதை நடத்த, பரீட்சை பாஸ் பண்ணிய ஒருவர் வேண்டும். அது தர்சினிதான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கத்து ஆட்கள் ஊன்றுகோலோடு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்கு வந்து நாள் முழுக்கக் காத்திருப்பதை அவள் தினமும் பார்த்தவள்.

பரீட்சைக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள் தரப்பட்டது. அவருக்குத் தனியாக அளவெடுத்து, கால் செய்து, போட்டு, நடக்கவைத்துத் திரையில் காட்ட வேண்டும். தர்சினிக்குக் கிடைத்தவர் ஜவ்பர் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்று ஆள். பல வருசம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்து, பாதை திறந்ததும் முதல் ஆட்களோடு திரும்பி வந்தவர். வந்து தன் வளவைத் துப்புரவாக்கும்போது வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது கிளிநொச்சிச் சந்தையில் தெரிந்தவர் ஒருவரின் துணிக்கடைப் பின்னறையில் தங்கியிருந்தார். காலில்லாத மனிதர் என்று யாரும் அவரை நினைப்பதில்லை. அவ்வளவு கதை, அவ்வளவு சிரிப்பு.

முதல் நாள் தர்சினி அளவெடுக்கக் குனிந்தபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம். "மகள், நடக்கிறதுக்கு எனக்குக் கால் வேண்டாம். அதுக்கு ரெண்டு தடி இருக்கு. எனக்குச் சைக்கிள் ஓட வேணும். சைக்கிள்ள துணி கட்டிக்கொண்டு ஊரூராப் போன ஆள் நான். அந்தக் காலைச் செஞ்சு தா."

தர்சினி தலையாட்டினாள். ஓம் என்று சொல்லவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மிஸ்ஸுக்கு அப்போது நிறைமாதம். அன்றைக்குப் பிறகு நீண்ட விடுமுறை, திரும்ப எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அன்று பாஸ் பண்ணாதவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் நிறுவனத்தின் திட்ட அதிகாரி முடிவுகளைப் பதிய வவுனியாவிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வழியிலுள்ள ஓமந்தைச் சோதனைச் சாவடி பின்னேரம் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டுமே. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மற்ற நான்கு பேரும் முடித்தார்கள், நான்கும் பாஸ். கடைசியாகத் தர்சினி.

ஜவ்பர் நானா அன்று புதுச் சாரம், புதுத் தொப்பி, அத்தர் வாசம் எல்லாமாக வந்திருந்தார். "படம் எடுக்கினமாம்" என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கமெராவுக்கு முன்னால் தரையில் நாங்கள் ஒரு கோடு கீறியிருந்தோம். அந்தக் கோட்டில் அவர் நடந்தார். பிள்ளைகளே, என்ன நடை! போனார், திரும்பினார், வந்தார். சாரத்தை இறக்கிவிட்டால் எது சொந்தக் கால் என்று சொல்ல முடியாது. கமெராவைப் பார்த்து ஒரு சலாமும் வைத்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

"அருமை!" என்றார் மிஸ். "நானா, எங்கயாவது வலி இருக்கோ?"

"ஒண்டுமில்லை டொக்டர். ஓம், ஓம், நல்லாயிருக்கு. எல்லாம் நல்லாயிருக்கு."

அதிகாரி பேனையைத் திறந்தார். நானா நடை முடித்து, கமெராவுக்கு வெளியே சுவரோரம் கிடந்த கதிரையில் போய் இருந்தார். இருந்தபோது வலது காலை முன்னால் நேராக நீட்டிக்கொண்டு இருந்தார்.

நான் அதைப் பார்த்தேன். தர்சினியைப் பார்த்தேன். அவளும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழங்கால் மடியவில்லை. அல்லது மடித்தால் வலிக்கிறது. நடக்கும்போது முழங்காலை அதிகம் மடிக்கத் தேவையில்லை, அதனால் நடையில் அது தெரியாது. கமெராவோ நடையை மட்டும்தான் பார்த்தது. கதிரை இருந்த மூலையை அது பார்க்கவேயில்லை.

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் பிறகு நிற்கப்போகிறீர்கள், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். நான் பேசியிருக்கலாம். "மிஸ், பொறுங்கோ" என்று ஒரு சொல் போதும். ஆனால் நான் பேசினால் அது என்னுடைய கண். முல்லைத்தீவில் அவள் தனியாக இருக்கப்போகிறாள், அங்கே நான் இல்லை, திரையும் இல்லை. மறுபக்கம், அவள் பேசாமல் விட்டு, அதிகாரி பதிந்துவிட்டால் நானா வலியோடு வீட்டுக்குப் போவார். அதை நான் விடப்போவதில்லை. பேனை தாளைத் தொடும்வரை அவளுக்கு நேரம் இருக்கிறது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். காத்திருந்தேன்.

தர்சினி நடந்து போனாள். நானாவை எழும்பச் சொல்லவில்லை. அவர் இருந்த கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். அவரோடு சேர்த்து அந்தக் கதிரையைச் சீமெந்துத் தரையில் கறகறவென்று இழுத்துக்கொண்டு வந்து கமெராவுக்கு முன்னால் விட்டாள். நானா பயந்துபோய் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன மகள், என்ன செய்யிறாய்!"

"மிஸ்," என்றாள் தர்சினி. "இன்னும் முடியேல்லை. இவரை இருத்திப் பாக்கேல்லை."

"பிள்ளை, மிஸ் அருமை எண்டு சொல்லிட்டாவே," என்றார் அதிகாரி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. நானாவின் முன்னால் முழந்தாளிட்டு, "நானா, காலை மடியுங்கோ," என்றாள். அவர் கொஞ்சம் மடித்தார். "இன்னும்." இன்னும் கொஞ்சம் மடித்தார். "எங்க கடிக்குது? பின்னுக்கோ, பக்கத்திலயோ?"

கேள்வியைக் கவனித்தீர்களா? வலிக்குதோ என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் மறுபடியும் நல்லாயிருக்கு என்றுதான் வரும். எங்கே என்று கேட்டாள்.

ஜவ்பர் நானாவின் சிரிப்பு அப்போதுதான் போனது. "பின்னுக்கு மகள்," என்றார் மெதுவாக. "விளிம்பு வெட்டுது. ஆனா அதைச் சொன்னா உன்னைப் பெயில் ஆக்கிப்போடுவினம் எண்டு நினைச்சன்."

அவள் செயற்கைக் காலைக் கழற்றினாள். முழங்காலுக்குப் பின்னால் கிண்ணத்தின் விளிம்பு பட்ட இடத்தில் ஒரு சிவந்த கோடு இருந்தது. அவருடைய காலைக் கமெரா பக்கம் திருப்பிக் காட்டினாள். திரையில் மிஸ்ஸின் முகம் அசையவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எனக்கு நிறம் தெரியேல்லை," என்றது குரல். "சேர், கையை வையுங்கோ."

வைத்தேன். "சூடா இருக்கு மிஸ். தோல் உரியேல்லை. தசைநார் ரெண்டிலயும் விளிம்பு ஏறியிருக்கு."

"தர்சினி, என்ன செய்யப்போறீங்கள்?"

"பின் விளிம்பை இறக்க வேணும் மிஸ். தசைநார் ரெண்டும் போற இடத்தில கொஞ்சம் வெளியால வளைக்க வேணும். அளவெடுக்கேக்க இவரை மடிச்சு வைச்சுப் பாத்திருக்க வேணும். பாக்கேல்லை."

"செய்யுங்கோ. நான் இருக்கிறன்."

அதிகாரி எழுந்து என்னிடம் வந்தார். "சேர், நேரம் போகுது. நடை நல்லாத்தானே இருந்தது. இவவுக்கு இப்ப என்ன போடுறது? பாஸோ பெயிலோ?"

"பரீட்சை இன்னும் நடக்குது," என்றேன். "பேனையை மூடுங்கோ. ஓமந்தை பூட்டினா இண்டைக்கு எங்கட வீட்டிலதான் சாப்பாடு. குசினியில கணவாய்க் கறி கிடக்கு."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு பேனையை மூடிவிட்டு வந்து இருந்தார்.

அடுத்த ஒரு மணித்தியாலம் போல ஒன்றை நான் பிறகு என் தொழிலில் கண்டதில்லை. தர்சினி விளிம்பை வெட்டினாள், சூடாக்கினாள், வளைத்தாள், அராவினாள். மற்ற நான்கு பேரும் சொல்லாமலே வந்து நின்றுவிட்டார்கள். ஒருவன் பிடித்தான், ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு படிக்கும் கிண்ணத்தைக் கமெராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். மிஸ், "இடப்பக்கம் இன்னும் ஒரு நூலளவு வெட்டுங்கோ," என்பார். நான் விரலை ஓட்டி, "இல்லை மிஸ், இடப்பக்கம் சரி, வலப்பக்கம்தான்," என்பேன். "அப்ப உங்கட விரலைத்தான் நம்புறன்," என்பார். அங்கே அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் அந்த நாட்டு மொழியில் ஏதோ சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி எங்கள் பக்கம் திரும்பினார். ஒரு கை வயிற்றில், ஒரு கை கன்னத்தில். போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். போகவில்லை.

கால் மறுபடி ஏறியது. நானா இருந்தார். மடித்தார். இன்னும் மடித்தார். பாதம் கதிரைக்குக் கீழே போனது.

"எங்க கடிக்குது?" என்றாள் தர்சினி.

அவர் யோசித்தார். உண்மையாகவே தேடிப்பார்த்தார். "தேடினாலும் கிடைக்குதில்லை மகள்."

"அப்ப சைக்கிளை எடுங்கோ!" என்று திரையிலிருந்து சத்தம் வந்தது. நாங்கள் திடுக்கிட்டோம். "அவர் கேட்டது சைக்கிள்தானே? எனக்கு ஓடிக் காட்டுங்கோ."

வெளியே ஓடினால் கமெராவுக்குத் தெரியாது, அதன் கம்பி மேசையை விட்டுப் போகாது. ஆகவே வேம்பின் கீழே நின்ற ஒரு சைக்கிளை நாங்கள் உள்ளே கொண்டுவந்தோம். மேசைகளைச் சுவரோரம் தள்ளினோம். திட்ட அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு பெரிய மேசையைத் தனியாகவே தள்ளினார். நானா ஏறினார். தர்சினி பின்னால் சீற்றைப் பிடித்தாள். முதல் வட்டம் ஆடியது. இரண்டாம் வட்டத்தில் கைப்பிடி நேரானது. மூன்றாவதில் அவள் பிடியை விட்டுவிட்டாள், அவருக்கு அது தெரியாது. கமெராவைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் மணியடித்தார். மண்டபம் முழுக்கக் கூச்சல். மிஸ் அங்கே கதிரையை விட்டு எழுந்து நிற்கிறார், திரையில் அவருடைய வயிறு மட்டும் தெரிகிறது, "வலது கால் முழுக்கச் சுத்துது! முழுக்கச் சுத்துது!" என்று கத்துகிறார்.

"என்ன பதியிறது?" என்று அதிகாரி திரையைப் பார்த்துக் கேட்டார்.

"பாஸ் எண்டு எழுதுங்கோ. பெரிய எழுத்தில எழுதுங்கோ."

அவர் எழுதக் குனிந்த நேரம் ஜவ்பர் நானா கைப்பிடியைத் திருப்பினார். திறந்து கிடந்த பெரிய வாசலால், சரிவுப் பாதையில் இறங்கி, வேம்பைச் சுற்றி, வீதிக்கு ஏறிவிட்டார். தர்சினி, "நானா, நில்லுங்கோ! நில்லுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் ஓடினார்கள். அதிகாரியும் ஓடினார். மண்டபத்தில் நானும் திரையும்தான் மிச்சம்.

"சேர்! எல்லாரும் எங்க? அவர் விழுந்திட்டாரோ?"

நான் வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டு, வீதியைப் பார்த்துப் பார்த்துக் கத்திச் சொன்னேன். "விழேல்லை மிஸ்! சந்தைப் பக்கம் போறார். ஒரு லொறி வருது. விலத்திட்டார், வடிவா விலத்திட்டார். எங்கட ஆக்கள் பின்னால ஓடுகினம். ஆனா பிடிக்கேலாது. தொப்பியை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு மிதிக்கிறார். இப்ப தெரியேல்லை. ஆள் போயிட்டார் மிஸ்!"

திரைக்குள் அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. படம் அப்படி.

"சேர்," என்றார் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு. "அது ஆரின்ர சைக்கிள்?"

"என்ரதான் மிஸ்."

அன்று பின்னேரம் நான் வீட்டுக்கு நடந்து போனேன். அதிகாரியும் கூட நடந்து வந்தார், ஓமந்தைக்குப் போக நேரம் தப்பிவிட்டது. வழி நெடுக இருவரும் அந்தக் கதையைத்தான் திருப்பித் திருப்பிக் கதைத்தோம். கணவாய்க் கறி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவேயில்லை.